எல்டன் ரிங்கும் 12 மணி நேர ஷிப்டும்: எப்படிச் சமாளிப்பது?

பினாங்கு_ஷிப்ட்:
பிஎஸ்5-இல் எல்டன் ரிங் கேம் தொடங்கி, முதல் பகுதியான லிம்கிரேவில் நிற்கிறேன். வேலை பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில், வீடு கடல் தாண்டி புக்கிட் மெர்தாஜாமில். பாலத்தில் ஜாம் என்றால் வீடு சேர ஒன்பது ஆகிவிடும். வேலை நாளில் 40 நிமிடம் கிடைத்தாலே பெரிது. நடுவில் குழந்தை அழுதால் எழுந்து போகணும். நிறுத்தி வைக்க வழியே இல்லையே! துண்டு துண்டாக விளையாடி இதை முடிக்க முடியுமா அண்ணே?

கோட்டை_வீரன்:
முடியும் தம்பி. நிறுத்தவும் வழி இருக்கு. ஆப்ஷன்ஸ் அழுத்தி மெனுவைத் திற, டச்பேடை அழுத்தி உதவிக்குப் போ, அதில் 'மெனு விளக்கம்' என்பதைத் தேர்ந்தெடு. அந்தப் பெட்டி திறந்திருக்கும்வரை எதிரியும் அசையாது. கூட்டாளியை அழைத்து விளையாடும்போது மட்டும் இது பலிக்காது.

எழுந்து போக நேரமாகும் என்றால் மெனு வழியாக 'கேமிலிருந்து வெளியேறு' கொடு. நின்ற இடத்திலேயே சேமிக்கும். திரும்பி வந்தால் கொன்றவை செத்தே கிடக்கும், மற்றவை பழைய இடத்துக்குப் போயிருக்கும். பாஸ் (பெரிய எதிரி) சண்டை நடுவில் வெளியேறினால் மட்டும் அதன் வாசலில் இருக்கும் பனித்திரைக்கு வெளியே நிற்பாய், பாஸின் உயிரும் முழுதாகிவிடும். வெளியேறாமல் பிஎஸ்5-ஐ ரெஸ்ட் மோடில் (தூக்க நிலையில்) போடாதே. ஆன்லைனில் இருந்தால் எழுப்பியதும் இணைப்பு அறுந்து தலைப்புத் திரைக்குத் தள்ளிவிடும். செட்டிங்கில் ஆஃப்லைனுக்கு மாற்றிக்கொள்.

செபராங்_அக்கா:
வேலை நாளில் ஒரு குகை அல்லது ஒரு கல்லறைச் சுரங்கம், அவ்வளவுதான். கல்லறையில் நெம்புகோலை இழுத்துவிட்டால் பாஸ் கதவு திறந்தே இருக்கும். செத்தாலும் மறுபடி இழுக்கத் தேவையில்லை, அதனால் பாதியில் விட்டாலும் உழைப்பு வீணாகாது. ஆனால் பாஸை முடிக்கும்வரை உள்ளிருந்து மேப் வழியாக வேறு இடத்துக்குத் தாவ முடியாது. அதனால் கடைசி 15 நிமிடத்தில் புதுசாக ஒன்றுக்குள் நுழையாதீங்க தம்பி.

முதலில் அகீல் ஏரிக்கு வடக்கே உள்ள லிம்கிரேவ் சுரங்கம். ஆயுதம் செப்பனிடும் கல் அங்கே சுவரிலேயே மின்னும். ஆயுதத்தை +3 ஆக்க முதல் நிலைக் கல் 2, 4, 6 என்று மொத்தம் 12 வேணும். எல்லே தேவாலயத்துப் பட்டறைக்கல்லிலேயே +3 வரை ஏற்றலாம். அதை முடித்துவிட்டு ஸ்டோர்ம்வேல் கோட்டைக்குப் போகும் வழியை மறிக்கும் பாஸ் மார்கிட்டிடம் போங்க. நேரம் குறைவாக இருப்பவர்கள் ஆயுதத்தை ஏற்றாமலே அவனிடம் முட்டிக்கொண்டுதான் சலித்துப் போகிறார்கள்.

பினாங்கு_ஷிப்ட்:
நன்றி அக்கா. நாலு நாள் இடைவெளி விட்டால் எங்கே போகணும் என்பதே மறந்துவிடுது. ரூனும் (எதிரியைக் கொன்றால் கிடைப்பது, லெவல் ஏற்ற உதவும்) கையில் நிறைய.

கோட்டை_வீரன்:
ரூனை வைத்துக்கொண்டு தூங்கப் போகாதே. கை பழக்கம் விட்டுப்போய், திரும்பி வந்ததும் இருமுறை செத்தால் எல்லாம் போச்சு. கிரேஸில் (ஓய்வெடுக்கும் ஒளி இடம்) உட்கார்ந்து லெவல் ஏற்று, முதலில் விகர் (உயிர் அளவைக் கூட்டுவது). இதில் பணிப் பட்டியல் கிடையாது. அதனால் வெளியேறும் முன் அடுத்து போகவேண்டிய இடத்தில் மேப்பில் ஒரு குறி வை. சந்தித்த கதாபாத்திரங்களின் பெயர் 2022 மார்ச் அப்டேட்டிலிருந்து மேப்பிலேயே தெரியும். யார் என்ன கேட்டார்கள் என்பதை மட்டும் போனில் ஒரு வரி எழுதிக்கொள். ஸ்டோர்ம்வேல் கோட்டையை ஓய்வு நாளுக்கு ஒதுக்கு, 40 நிமிடத்தில் அதன் வழிகளே மனதில் நிற்காது.