டென்பின் பவுலிங் பந்தில் கட்டைவிரல் சிக்குவதும் நழுவுவதும்: லேனில் பார்த்ததைப் பகிருங்கள்

பத்தாவது பின்:
லீக்கில் பக்கத்து லேன். கூடத்தின் பொதுப் பந்தான ஹவுஸ் பாலை விட்டுவிட்டு, விரல்களை முதல் மூட்டு வரை மட்டும் நுழைக்கும் ஃபிங்கர்டிப் பிடிக்கு அப்போதுதான் மாறியிருந்த ஒரு பெண், 14 பவுண்டு பந்து. வீசும்போதெல்லாம் பந்து வீசும் எல்லைக்கோடான ஃபவுல் லைனைத் தாண்டி மூன்று நாலு அடி பறந்து டொம்மென்று விழுந்தது. மூன்றாவது ஆட்டத்தில் பந்தை ரேக்கில் வைத்துவிட்டுக் கையை விரித்தார். கட்டைவிரல் உள்ளங்கையோடு சேரும் மடிப்பில் தோல் காசு அகலத்துக்கு உரிந்து சிவந்திருந்தது. அதுதான் கண்ணை விட்டுப் போகவில்லை.

காரணம் ஒரே நிமிடத்தில் தெரிந்தது. கட்டைவிரலை முழுதாக நுழைத்துக் கையைத் தளர்வாகப் பந்தின் மேல் படரவிட்டால், நடுவிரலின் முதல் மூட்டுக் கோடு விரல் துளையின் உள்ளங்கைப் பக்க விளிம்பில் வந்து உட்கார வேண்டும். மோதிரவிரலுக்கும் அப்படியே. அவருக்கு ஏறக்குறைய 1/4 அங்குலம் எட்டவில்லை. ஸ்பான், அதாவது கட்டைவிரல் துளைக்கும் விரல் துளைகளுக்கும் இடையிலுள்ள தூரம், அதிகம். இழுபட்ட கையில் கட்டைவிரல் நேராக நிற்காது, சாய்ந்து சுவரில் முட்டும். ஃபிங்கர்டிப்பின் பலனே கட்டைவிரல் முதலில் வெளியேறி, அதன்பின் இரண்டு விரல்களும் பந்தைச் சுழற்றுவதுதான். கட்டைவிரல் சிக்கிவிட்டால் சுழற்சியும் கிடைக்காது, பந்தும் மேலே கிளம்பும்.

துளையும் தூளும்:
ஸ்பானை மட்டும் குற்றம் சொல்வது சரியில்லைங்க. அளவு கச்சிதமா இருந்தும் சிக்குற கைகள் நிறைய. ஒரு பெரியவர் பந்தைத் தூக்கினதுமே அவர் கட்டைவிரல் நகம் வெளுத்துப் போச்சு. அவ்வளவு இறுக்கம். துளையோட சாய்வு, அதாவது பிட்ச், 3/8 அங்குலம் ரிவர்ஸ். சிக்குதுன்னு புகார் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு தடவையும் ரிவர்ஸை ஏத்திக்கிட்டே போயிருக்காங்க.

ரிவர்ஸ் பிட்ச்னா துளை உள்ளங்கையை விட்டு விலகிச் சாயும், விரல் சுலபமா வெளியே வரும். ஃபார்வர்ட் பிட்ச்னா உள்ளங்கைக்கு அடியில சாயும், பிடிப்பு கூடும். இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனா ரிவர்ஸ் அளவுக்கு மீறினா, பின்வீச்சுல பந்து கழண்டு விழப்போற மாதிரி இருக்கும். கை தானா இறுக்கும். இறுக்கினா கணு மடங்கும். மடங்கின கட்டைவிரல் எந்தத் துளையிலயும் சிக்கத்தான் செய்யும். அவருக்குத் தேவைப்பட்டது ரிவர்ஸைக் குறைக்கிறது. விறைப்பா, பின்னால வளையாத கட்டைவிரல் அவருக்கு. அந்தக் கைக்குப் பூஜ்யம், இல்லேன்னா கொஞ்சம் ஃபார்வர்ட் வச்சாத்தான் பிடி தளரும்.

பத்தாவது பின்: அந்தப் பெண்ணுக்கும் பிட்ச் பார்த்தார்கள், 1/8 ரிவர்ஸ்தான். ஸ்பான் நீளும்போது பிட்சும் மாற வேண்டும் என்பது உண்மை. ஆனாலும் அளவெடுப்பதில் முதல் இடம் ஸ்பானுக்குத்தான். ஸ்பான் தப்பாக இருக்கும்போது பிட்சை மாற்றுவது வீண்வேலை.

இருகை:
வேறு விஷயம். இரண்டு கையால், கட்டைவிரல் நுழைக்காமல் வீசும் ஒரு பையனைப் போட்டி தொடங்கும் முன்பே நிறுத்தினார்கள். நல்ல வேகம், நல்ல சுழற்சி, எல்லாம் இருந்தும் அவன் பந்தில் கட்டைவிரல் துளை இருந்தது. அண்ணன் பந்தாம். அமெரிக்க பவுலிங் அமைப்பான யுஎஸ்பிசியின் விதிப்படி 2020 ஆகஸ்ட் 1 முதல், எடையைச் சமன்செய்யப் போடும் பேலன்ஸ் துளை கிடையாது. பிடிக்கப் போட்ட துளை ஒவ்வொன்றும் வீசும்போதெல்லாம் பயன்பட்டாக வேண்டும். பையன் முகம் வாடிவிட்டது. இரண்டு கையால் வீசும் சாம்பியன் பெல்மான்டேயைப் பார்த்து இந்தப் பாணிக்கு வரும் பிள்ளைகளுக்கு, கட்டைவிரல் துளை போடாத பந்தை முதலிலேயே வாங்கிக் கொடுங்கள்.

டேப் ரோல்:
அக்கா தங்கைகளே, அண்ணன்மாரே, பிட்ச், ஸ்பான் என்று துளைக்கும் மெஷினுக்கு ஓடுவதற்கு முன்னால் டேப் ஒட்டிப் பாருங்கள். நான்காம் லேனில் ஒருவர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கட்டைவிரலை ஊதி ஊதி நுழைத்தார். துளையைப் பார்த்தால் ஒரு துண்டு டேப்கூட இல்லை!

கட்டைவிரல் நாள் முழுக்க ஒரே பருமனில் இருக்காது. ஏசி குளிரில் சுருங்கும், ஆட ஆட வீங்கும். அதனால் துளையை வீங்கிய விரலின் அளவுக்குப் போட்டுக்கொண்டு, தொடக்கத்தில் டேப்பால் நிரப்ப வேண்டும். சொரசொரப்பான வெள்ளை டேப்பை விரலின் சதைப்பக்கம் ஒட்டினால் பிடிமானம் கிடைக்கும். வழவழப்பான கறுப்பு டேப்பை நகப்பக்கம் ஒட்டினால் விரல் வழுக்கி வெளியேறும். டேப்பின் மேல்முனை துளை விளிம்புக்கு 1/4 அங்குலம் கீழே இருக்கட்டும். விளிம்பிலேயே ஒட்டினால் இரண்டு ஆட்டத்தில் சுருண்டு உரிந்து, அந்த மடிப்பே தோலைக் கிழிக்கும். அடுத்தடுத்த துண்டை முந்தையதற்குச் சற்றுக் கீழிறக்கி ஒட்டி, கரண்டிக் காம்பால் அழுத்தித் தேயுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு துண்டு சேர்க்காதீர்கள், எடுக்காதீர்கள். ஒன்று, பிறகு நாலைந்து வீச்சு, பிறகு அடுத்தது. விரலை உள்ளே திருப்பும்போது சுவர் முழுக்கத் தொட வேண்டும், வெளியே இழுக்கும்போது பொளக் என்று சத்தம் வரக்கூடாது.

விரல் துளைக்குள் ஒட்டும் ரப்பர் உறையான இன்சர்ட்டையும் பாருங்கள். ரப்பர் பளபளத்து இறுகியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் அளவு வேறு, இரண்டுக்கும் ஒன்றையே வாங்காதீர்கள். பழையதைப் பிடுங்கி, துளைச் சுவரில் ஒட்டியிருக்கும் பசைத்துகளைச் சுரண்டிவிட்டு, சூப்பர் க்ளூவை இன்சர்ட்டின் வெளிப்புறம் கீழ்ப்பாதியில் மட்டும் தடவி நுழைத்துவிடுங்கள். மேலே தடவினால் வழிந்து உள்ளே உறைந்து விரலை அறுக்கும்.

விளிம்பு கூர்மையாக உறுத்தினால் 220 நம்பர் உப்புத்தாளை விரலில் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

துளையும் தூளும்: டேப் பத்திச் சொன்னது அத்தனையும் சரி. ஆனா 1/4 அங்குல ஸ்பான் பிழையை டேப் தீர்க்காது.

மூன்றாம் கணு:
மோதிரவிரல் தசைநார் வலியோடு ஆடுகிறவர் ஒருவர் சார்ஜ் ஈஸ்டர் பிடிக்கு மாறினார். நடுவிரல் முதல் மூட்டு வரை, மோதிரவிரல் மட்டும் கன்வென்ஷனல் போல இரண்டாம் மூட்டு வரை. சுழற்சி குறைந்தது, வலி அடங்கியது. இதை யாரும் சொல்லவில்லையே என்றுதான் எழுதுகிறேன். செமி ஃபிங்கர்டிப் என்று இரண்டு மூட்டுக்கும் நடுவில் துளைக்கச் சொல்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். விரலுக்கு நிற்குமிடம் கிடையாது, ஒவ்வொரு வீச்சிலும் ஆழம் மாறும்.

டேப் ரோல்: பத்தாவது பின், அந்தப் பெண்ணின் பந்தை என்ன செய்தார்கள்?

பத்தாவது பின்:
இன்சர்ட்களைப் பிடுங்கி, இரண்டு விரல் துளைகளையும் பிளக் கலவை ஊற்றி அடைத்தார்கள். இறுக ஒரு நாள் விட்டு, மட்டமாக்கி, மெருகேற்றி, கட்டைவிரல் பக்கமாக 1/4 அங்குலம் தள்ளித் திரும்பத் துளைத்தார்கள். தோல் ஆறும்வரை அவர் ஆடவில்லை. ஸ்பேருக்கு, அதாவது மீதி நிற்கும் பின்களை வீழ்த்த, வைத்திருக்கும் பிளாஸ்டிக் பந்திலும் அதே பழைய அளவுதான் என்று பிறகுதான் தெரிந்தது. அதுவும் இப்போது கடையில் இருக்கிறது.