குறைப்பான் கூட்டியும் காட்டுகிறதே: டிஃப்லேட்டருக்கு ஒரு சொல்

வெவ்வேறு ஆண்டுகளின் தொகைகளை ஒப்பிடுவதற்காக, விலைவாசி மாற்றத்தைக் கணக்கில் எடுத்து ஒரே ஆண்டின் விலைக்கு மாற்றப் பயன்படுகிற எண்ணை ஆங்கிலத்தில் டிஃப்லேட்டர் என்கிறார்கள். இராணுவச் செலவு பற்றிய கட்டுரைகளுக்காக அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். டிஃப்லேட்டருக்குப் பாடநூலில் இருக்கிற ‘குறைப்பான்’ போதும், புதிதாக எதற்கு மெனக்கெட வேண்டும் என்று கேட்ட நண்பருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போதாது. ஏன் என்பதற்கு இராணுவச் செலவுக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன், நாம் சொல் தேடுவதே அந்தக் கட்டுரைகளுக்காகத்தானே.

ஒரு நாடு ஓர் ஆண்டில் படைகளுக்கு 100 கோடி செலவழித்தது, பத்தாண்டு கழித்து 180 கோடி என்று வையுங்கள். இடையில் விலைவாசி இரட்டிப்பாகிவிட்டது. பழைய ஆண்டை அடிப்படையாக எடுத்தால் 180 சுருங்கி 90 ஆகும். சரி, குறைப்பான் என்ற பெயருக்குப் பழுதில்லை. புதிய ஆண்டை அடிப்படையாக எடுத்தால்? 180 அப்படியே நிற்கும், பழைய 100தான் 200 ஆகும். செலவு பத்தில் ஒரு பங்கு இறங்கியிருக்கிறது என்ற விடை இரண்டு வழியிலும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது வழியில் குறைப்பான் எதையும் குறைக்கவில்லை, இருந்ததை ஊதிப் பெரிதாக்கியிருக்கிறது.

எங்கோ ஒரு மூலையில் நடக்கிற விதிவிலக்கு என்றால் விட்டுத்தள்ளலாம். இந்தத் துறையில் எல்லாரும் புரட்டுவது ஸ்டாக்ஹோமில் 1966இல் தொடங்கிய சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் அட்டவணையைத்தான். அது 1949 வரை பின்னோக்கிப் போகிறது, 2025இல் வந்த பதிப்பில் அடிப்படை ஆண்டு 2023. ஆக, விலைவாசி ஏறிக்கொண்டே வந்த நாடுகளுக்கு அதில் இருக்கிற பழைய எண்கள் எல்லாமே மேலே தூக்கிவிடப்பட்டவை. “1960இன் செலவு குறைப்பானால் பல மடங்கு கூடியது” என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள், எழுதுகிற கைக்கே கூசும். ஆங்கிலச் சொல்லும் காற்றைப் பிடுங்குவது என்ற பொருளில் வந்ததுதானே என்றால், ஆமாம், அந்தச் சொல்லிலும் ஓட்டை இருக்கிறது. அதற்காக நாமும் அதே இடத்தில் ஓட்டை போட வேண்டுமா?

இதுவரை மற்றவர்கள் முன்வைத்த சொற்களில் ‘விலைத்திருத்தி’ எனக்கு ஒட்டவில்லை. பழைய விலையில் பிழை ஏதும் இல்லையே, திருத்துவதற்கு. ‘விலைச்சமனி’ ஓசைக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் அடுத்த பத்தியிலேயே நாடுகளுக்கிடையிலான விலை வேறுபாட்டைச் சரிக்கட்டுகிற ‘வாங்கும் சக்தி சமநிலை’ வந்து உட்காரும், படிக்கிறவர் இரண்டையும் ஒன்று என்று எண்ணிக்கொள்வார். ‘விலையீட்டெண்’ என்பதை வேகமாகப் படித்தால், விலைவாசி ஏற்ற இறக்கத்தைக் காட்டுகிற விலைக் குறியீட்டெண்ணின் அச்சுப்பிழை மாதிரி தெரிகிறது. நானே கொத்தனாரின் மட்டப்பலகையை நினைத்து ‘விலைமட்டி’ என்று ஒன்று எழுதினேன், மட்டி என்றால் வேறு பொருள் என்பது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது, நல்லவேளை அனுப்பவில்லை.

என் முன்மொழிவு ‘விலைபெயர்ப்பி’. செய்கிற வேலை ‘விலைபெயர்ப்பு’, வினை ‘பெயர்த்தல்’. மொழிபெயர்ப்பில் ஒரு மொழியில் இருப்பதை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகிறோம். இங்கே ஓர் ஆண்டின் விலையில் இருப்பதை இன்னோர் ஆண்டின் விலைக்குக் கொண்டுபோகிறோம். எண் கூடுமா குறையுமா என்று சொல் முன்கூட்டியே எதுவும் சொல்லிவிடுவதில்லை, அதுதான் எனக்கு முக்கியம். ஒற்றுப் போடாதீர்கள், ‘விலைப்பெயர்’ என்று வந்தால் விலையின் பெயர் ஆகிவிடும். விலையைப் பெயர்ப்பது, அதனால் மொழிபெயர்ப்பு போலவே ப் மிகாது. ‘எண்’ சேர்த்து ‘விலைபெயர்ப்பெண்’ ஆக்கவும் வேண்டாம், யாரந்தப் பெண் என்று கேட்பார்கள்.

சொல் நிற்குமா என்று உண்மையான வேலையில் வைத்துப் பார்த்தேன். சிப்ரி செய்வது இரண்டு படி. ஒரு நாட்டின் செலவை அந்த நாட்டு நாணயத்திலேயே நுகர்வோர் விலைக் குறியீட்டெண் கொண்டு அடிப்படை ஆண்டு விலைக்கு மாற்றுவது முதல் படி. அந்த அடிப்படை ஆண்டின் சராசரிச் சந்தை மாற்று விகிதத்தில் டாலராக்குவது இரண்டாவது. இதைச் சுருக்கமாக “முதலில் விலைபெயர்ப்பு, அப்புறம் நாணயமாற்று” என்று எழுத முடிகிறது. குறைப்பானை வைத்து இப்படி நாலு சொல்லில் முடிக்க எனக்கு வரவில்லை.

இது ஏதோ பண்டிதர் சண்டை என்று நினைப்பவர்கள் 2024 கணக்கைப் பாருங்கள். உலக இராணுவச் செலவு 2,71,800 கோடி டாலர். அதற்கு முந்தைய ஆண்டின் அறிக்கையில் 2023க்குச் சொல்லியிருந்தது 2,44,300 கோடி. இரண்டையும் நேரே ஒப்பிட்டால் 11 சதவீதத்துக்கு மேல் உயர்வு வரும். சிப்ரி தலைப்பில் போட்டது 9.4 சதவீதம், அதுதான் விலைபெயர்த்த எண். செய்தி எழுதுகிறவர்களுக்கு இந்த இடத்துக்குச் சொல் இல்லாததால் எந்த எண்ணை எடுத்தோம் என்று சொல்லாமலே தாண்டிவிடுகிறார்கள்.

எந்த விலையைக் கொண்டு பெயர்ப்பது என்பது தனிப் பிரச்சினை. அரிசி, வாடகை, பேருந்துக் கட்டணம் எல்லாம் சேர்ந்த நுகர்வோர் விலை ஏறுவதும் போர் விமானத்தின் விலை ஏறுவதும் ஒன்றில்லை. படைகளுக்கென்று தனி விலைக் குறியீடு பெரும்பாலான நாடுகளில் கிடையாது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பட்ஜெட் மதிப்பீட்டு ஏட்டில் சம்பளம், எரிபொருள், கொள்முதல் என்று தனித்தனி விலைபெயர்ப்பி இருக்கிறது (பாருங்கள், பன்மைச் சூழலிலும் இடிக்காமல் வருகிறது).

‘இராணுவச் செலவா, பாதுகாப்புச் செலவா’ என்ற பழைய வழக்கை இதோடு முடிச்சுப் போட வேண்டாம். நான் இராணுவச் செலவு பக்கம். அமைச்சகத்தின் பெயரில் பாதுகாப்பு இருக்கிறது என்பதற்காகக் கணக்கும் அந்த அமைச்சகத்தோடு நின்றுவிடாது, போர்ப் பயிற்சி பெற்ற துணைப்படைகள், படையினர் ஓய்வூதியம் எல்லாம் சிப்ரி வரையறையில் வருகின்றன. அப்புறம், மறைத்து வைத்த செலவை எந்த விலைபெயர்ப்பியும் வெளியே கொண்டுவராது. சோவியத் ஒன்றியம் ஆண்டுக்கு 2,020 கோடி ரூபிள் என்று சொல்லிக்கொண்டிருந்தது, 1989 மே மாதம் அதன் தலைவர் கோர்பச்சேவ் 7,730 கோடி என்றார். பழைய எண்ணை எத்தனை நேர்த்தியாகப் பெயர்த்தாலும் பொய்யின் மொழிபெயர்ப்புதான் கிடைத்திருக்கும்.

ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள், ஆனால் 100, 200 கணக்கில் உங்கள் சொல்லையும் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நான் என் அட்டவணைத் தலைப்பில் ‘நிலையான விலையில்’ என்பதை எடுத்துவிட்டு ‘2023 விலைக்குப் பெயர்த்தது’ என்று போட்டிருக்கிறேன். அடிப்படை ஆண்டையே 2015இலிருந்து 2023க்கு நகர்த்துவதற்குத் தனிச் சொல் தேவையில்லை என்பது என் எண்ணம், ‘அடியாண்டு மாற்றம்’ போதும்.