ஷெட்லாண்ட் லெர்விக்ல ஒரு நாள் கப்பல் நிக்குது, கப்பல் டூரா இல்ல லோக்கல் கைடா?

மலைக்கோட்டை_பையன்

வணக்கம் மக்களே, ஒரு சந்தேகம். நான் கவென்ட்ரில இருக்கேன், அப்பா அம்மா திருச்சிலேர்ந்து வந்திருக்காங்க, ஜூலை மூணாவது வாரம் சவுத்தாம்ப்டன்லேர்ந்து கப்பல்ல நார்வே போறோம், போற வழியில ஸ்காட்லாந்துக்கு வடக்க இருக்குற ஷெட்லாண்ட் தீவுல லெர்விக்ங்கிற துறைமுக ஊர்ல ஒரு நாள் நிறுத்துறான். காலைல 8 மணிக்கு வருது, சாயந்திரம் 4.30க்குள்ள திரும்ப ஏறிடணுமாம். கப்பல்லயே ஒரு பஸ் டூர் போட்டிருக்கான், பஃபின் பறவை, யார்ல்ஸ்ஹாஃப் பழைய ஊரு, குட்டிக் குதிரை எல்லாம் சேத்து நாலு மணி நேரம், நாலு பேருக்குக் கணக்கு போட்டுப் பாத்தா தலை சுத்துது. லோக்கல் கைடு ஒருத்தர் கார்லயே கூட்டிட்டுப் போறேன்னு மெயில் போட்டார், அது கொஞ்சம் கம்மி. அம்மாவுக்கு முட்டி வலி, மேடு ஏறுனா நடுவுல உக்காரணும். அப்பா சுத்த சைவம். எதை எடுக்கலாம்? அப்பா கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், "கப்பல் நம்மள விட்டுட்டுப் போயிட்டா என்னடா பண்ணுவ?"

கடல்காகம்

உங்கப்பா கேட்டதுதான் சரியான கேள்வி சார். கப்பல்காரன் டூர்ல போனா பஸ் லேட்டானாலும் அவன் பொறுப்பு, கப்பல் நிக்கும். நீங்களா போனா நிக்காது, அப்புறம் ஸ்காட்லாந்துல இருக்குற அபர்டீனுக்கு ராத்திரி முழுக்க ஓடுற ஃபெர்ரிதான், இல்லன்னா ஃபிளைட்டு. ஆனா பயப்படுற அளவுக்கு ஒண்ணுமில்ல, பஃபின் பாக்குற சம்பரா முனை தீவோட தெற்குக் கடைசி, லெர்விக்லேர்ந்து சுமார் 40 கிலோமீட்டர், டிராஃபிக் ஜாம்னு ஒண்ணு அங்க கிடையாது. கைடுகிட்ட 2.30க்கே துறைமுகத்துல விட்டுடுங்கன்னு சொல்லிடுங்க, போதும்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டு வெச்சுக்கோங்க, கப்பல் பியர்ல (துறைமுக மேடையில) கட்டுமா இல்ல நடுக்கடல்ல நங்கூரம் போடுமா? பெரிய கப்பல்னா வெளிய நிறுத்திட்டு டெண்டர்ங்கிற சின்ன போட்ல கொஞ்சம் கொஞ்சமா கரைக்கு விடுவாங்க, அப்போ கப்பல் டூர் ஆளுங்களுக்குத்தான் முதல் போட்டு, மத்தவங்க டோக்கன் வாங்கிட்டு லவுஞ்ச்ல காத்துக்கிடக்கணும். ஒருதடவை வேற ஒரு தீவுல நான் ஒன்றரை மணி நேரம் அப்படிக் கிடந்தேன், கீழ கைடு என் பேரெழுதுன அட்டையோட நின்னுட்டு இருந்தார், பாவம். இன்னொண்ணு, காத்து ஜாஸ்தியானா கேப்டன் அந்த ஊரையே தாண்டிப் போயிடுவார். கப்பல் டூர் காசு தானா திரும்ப வந்துடும், கைடுகிட்ட குடுத்த அட்வான்ஸ் வருமான்னு இப்பவே எழுதி வாங்கிக்கோங்க.

வல்லிபுரம்77

நாங்கள் போன வருஷம் ஜூன்ல போனனாங்கள், கப்பல்ட டூர் தான் எடுத்தனாங்கள். பஸ் நிறைய ஆக்கள். கைடு பிள்ளை உள்ளூர்ப் பிள்ளை, வடிவாக் கதைச்சவ, ஆனா அவையின்ட இங்கிலிஷ் பிடிபட கொஞ்ச நேரம் எடுக்கும், சின்னது எண்டதுக்கு "பீரி" எண்டுதான் சொல்லுவினம், பீரி குதிரை, பீரி வீடு எண்டு. என்ட மகள் இப்ப வீட்டிலயும் அப்பிடித்தான் கதைக்கிறாள்.

வழியில பஸ் சும்மா நிண்டுட்டுது. பாத்தா ரோட்டுக்குக் குறுக்கால ரயில் கேட் மாதிரி தடி இறங்கிக் கிடக்கு, ரயில் வருதாக்கும் எண்டு பாத்தா எங்கட மூக்குக்கு முன்னால பிளேன் ஒண்டு இறங்கி ஓடுது! சம்பரா விமான நிலையத்தின்ர ஓடுபாதை ரோட்டுக்கு மேலாலதான் போகுது. அம்மா சரியாப் பயந்து போனா, அப்பாதான் ஃபோனை எடுத்து வீடியோ.

யார்ல்ஸ்ஹாஃப் கட்டாயம் பாருங்கோ. 1890களின்ர கடைசியில புயல் அடிச்சு மண்ணைக் கிளப்பினதாலதான் அது வெளிய தெரிஞ்சது எண்டவ அந்தப் பிள்ளை. கல்லுக் காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம், பிறகு வைக்கிங் ஆக்கள், பிறகு 17ஆம் நூற்றாண்டு பிரபு வீடு, எல்லாம் ஒரே மேட்டில. வண்டிச் சில்லு மாதிரி நடுவில அடுப்பும் சுத்திவர கல்லுச் சுவருமா வீடுகள் இருக்கு, உள்ளுக்க எட்டிப் பாக்க இப்பவும் ஆரோ இருக்கினம் மாதிரி இருந்தது. ஆனா கூரை இல்லை, மழை பெய்தா ஒதுங்க இடமில்லை. பிறகு பஃபின் பாக்க சம்பரா முனை வெளிச்சவீட்டுக்குப் போகேக்க எங்கட பஸ் கீழயே நிண்டுட்டுது, மேல ஏத்தம். எங்கட அம்மா ஏறேல்ல, பஸ்ஸுக்கயே இருந்தவ. உங்கட அம்மாவுக்கு முழங்கால் ஏலாது எண்டா காரில போறதுதான் நல்லம்.

அபர்டீன்_அருண்

நான் லெர்விக்ல ஒரு வேலைக்காக ஆறு மாசம் இருந்தவன், ஸோ கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன், மன்னிச்சுக்கோங்க.

பஃபினை அங்க டாமி நோரின்னு கூப்பிடுவாங்க. ஏப்ரல்ல வரும், ஆகஸ்ட் ஆரம்பத்துல எல்லாம் காலி, கடலுக்குப் போயிடும். ஜூலை மூணாவது வாரம்னா இருக்கும், ஆனா டூர்காரங்க சொல்லாத ஒரு விஷயம், பகல்ல பாதி பறவை மீன் புடிக்கப் போயிருக்கும், சாயந்திரத்துக்கு மேலதான் கூட்டமா வந்து உக்காரும். அப்போ உங்க கப்பல் கிளம்பியிருக்கும். அதனால மத்தியானம் போய் நூறு பறவை எதிர்பாக்காதீங்க, பத்து பாத்தாலும் பக்கத்துல பாக்கலாம், சுவரு ஓரமா குனிஞ்சா நாலடி தள்ளி வாய்ல அஞ்சாறு வெள்ளிக் கம்பி மாதிரி மீனை வெச்சுக்கிட்டு உங்களையே பாத்துட்டு நிக்கும், அப்புறம் டக்குனு பொந்துக்குள்ள போயிடும். சுவரைத் தாண்டிடாதீங்க, அந்தப் பக்கம் நேரா செங்குத்துப் பாறை.

கைடு விஷயம், அவர்கிட்ட பேட்ஜ் இருக்கான்னு கேளுங்க. ஸ்காட்லாந்துல புளூ பேட்ஜ்னா நாடு முழுக்க, கிரீன் பேட்ஜ்னா அந்த வட்டாரத்துக்கு, ரெண்டும் பரீட்சை எழுதி வாங்குறது. ஷெட்லாண்டுக்கு கிரீனே தாராளம். நல்ல கைடுன்னா குதிரை எந்த வயல்ல நிக்குதுன்னு அன்னிக்குக் காலைலயே தெரிஞ்சு வெச்சிருப்பார், அது எல்லாம் யாரோ ஒரு விவசாயியோட குதிரை, சும்மா காட்டுல திரியுறது இல்ல. ரொட்டி கிட்டி போடாதீங்க. (1842ல பெண்களையும் பத்து வயசுக்குக் கீழ இருக்குற பசங்களையும் நிலக்கரிச் சுரங்கத்துல இறக்கக் கூடாதுன்னு சட்டம் வந்ததும் அதுக்குப் பதிலா இந்தக் குட்டிக் குதிரைங்களைத்தான் கீழ இறக்குனாங்க. எங்க டீ பிரேக்ல ஒரு பெரியவர் சொன்னது, அதுக்கப்புறம் அதுங்களை பாத்தா க்யூட்னு சொல்ல மனசு வரல.)

காசே செலவு பண்ண வேணாம்னா லெர்விக்லயே அரை நாள் ஓடிடும். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுல கல்லு பாவுன தெரு, அந்தக் கடைசில லாட்பெரின்னு கடலுக்குள்ளயே கால் வெச்சு நிக்கிற பழைய வீடுங்க, மேல சார்லட் கோட்டை. மியூசியம் இலவசம். அங்க செயின்ட் நினியன் தீவு வெள்ளிப் புதையல் இருக்கு, 1958ல தோண்டுற இடத்துல ஒத்தாசைக்கு வந்த ஸ்கூல் பையன் ஒருத்தன் கண்டுபுடிச்சது, ஆனா லெர்விக்ல இருக்குறது நகல், ஒரிஜினல் எடின்பரோல. உள்ளூர்க்காரங்ககிட்ட அதைப் பேச்செடுத்துடாதீங்க, காது தீஞ்சிடும்.

அப்புறம் குடை வேணாம். ரெண்டு நிமிஷத்துல கம்பி மட்டும் கையில மிஞ்சும். ஜூலைலயும் சுமார் 14 டிகிரிதான், ரெயின்கோட்டும் காதை மூடுற குல்லாவும் போதும்.

மலைக்கோட்டை_பையன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இப்பதான் கப்பல்காரன்கிட்ட ஃபோன் போட்டுக் கேட்டேன், பியர்லயே கட்டுமாம், டெண்டர் இல்ல. அதனால கைடு காரையே எடுக்கிறேன், கப்பல் வரலன்னா முழுக் காசும் திருப்பித் தர்றேன்னு அவரும் மெயில்ல எழுதிட்டார், கிரீன் பேட்ஜ்தான். காலைல முதல்ல சம்பரா, அப்புறம் யார்ல்ஸ்ஹாஃப், ரெண்டு மணிக்கு ஊருக்குள்ள. வல்லிபுரம் அண்ணே, பிளேன் கதைய அப்பாகிட்ட சொன்னேன், இப்ப பஃபினை விட்டுட்டு அந்த கேட்டு எப்ப மூடும்னு டைம் டேபிள் கேக்குறார். சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னு மட்டும் யாரும் சொல்லலியே?

அபர்டீன்_அருண்

காலைல கப்பல்லயே வயிறு முட்ட சாப்பிட்டு இறங்குங்க. ஊருக்குள்ள சூப், சீஸ் டோஸ்டி, பானக்னு ஒரு தட்டை ரொட்டி கிடைக்கும், சூப்புல கறி போட்டிருக்கான்னு கேட்டுட்டு வாங்குங்க, அங்க உப்புக்கண்ட ஆட்டுக்கறி சூப் ரொம்ப ஃபேமஸ். சமைச்ச சாப்பாட்டைக் கட்டிட்டு இறங்கப் பொதுவா விடமாட்டாங்க, தயிர்சாதம் ஐடியா இருந்தா மறந்துடுங்க.

வல்லிபுரம்77

பிளேனுக்கு டைம் டேபிள் இருக்கும் தம்பி, ஆனா பனிமூட்டம் வந்தா அதுவும் இல்லை. அப்பாவுக்கு அதிர்ஷ்டம் இருந்தா பாப்பார். வீடியோ எடுத்தா இங்க போடுங்கோ.