யாழ்ப்பாணத்தில் வீட்டை வங்கி ஏலத்தில் விடப்போகுது, நிப்பாட்ட வழி இருக்கா?

கேள்வி: நல்லூரிலை வீட்டை ஈடுவைச்சு எடுத்த கடன், முதல் (வட்டி சேராத கடன் தொகை) 80 லட்சம். தனியார் வர்த்தக வங்கி. ஏலத்துக்கு இன்னும் 12 நாள். பிந்தின தவணை மூண்டைக் கட்டினால் ஏலம் நிக்குமோ?

பதில் 1: தம்பி, தானா நிக்காது. வழக்குப் போடாமல் ஈட்டை ஏலம் விட வங்கிக்கு இடம் குடுக்கிற 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஏலத் திகதிக்கு முதல் முழு நிலுவையையும் வட்டி, செலவோடு கட்டினால்தான் வங்கி கட்டாயம் நிப்பாட்ட வேணும். பிந்திய தவணையையும் செலவையும் மட்டும் கட்டினால் முடிவு வங்கிப் பணிப்பாளர் சபையின்ரை விருப்பம். அதாலை காசோடை எழுத்து மூல வேண்டுகோளும் குடுத்து, ஏலம் நிறுத்தப்பட்டது எண்ட கடிதத்தைக் கையிலை வாங்குங்கோ. முகாமையாளரின்ரை வாய்ச்சொல் போதாது; ஏலகாரருக்கு அது போய்ச் சேராது.

பதில் 2: அறிவித்தலைப் பாருங்கோ அண்ணை. விற்பனை அறிவித்தல் ஏலத்துக்குக் குறைஞ்சது 14 நாளுக்கு முதல் வர்த்தமானியிலை (அரச அறிவித்தல் இதழ்) வந்திருக்க வேணும். அதுக்கு முதல் ஏலம் விடுறதெண்ட பணிப்பாளர் சபைத் தீர்மானம் வர்த்தமானியிலையும் மூண்டு நாளிதழிலையும் வந்திருக்க வேணும். பிழை இருந்தால் சட்டத்தரணியோடை நீதிமன்றத்திலை இடைக்காலத் தடை கேக்கலாம். பதிவுத்தபால் உறையை எறியாதேங்கோ, முத்திரைத் திகதி சாட்சி.

பதில் 3: முதல் 50 லட்சத்துக்குக் குறைவெண்டால் அந்தச் சட்டத்தின்ரை 2011 திருத்தப்படி இந்த வழியாலை ஏலமே போடேலாது, உங்கடை கடன் அதுக்குள்ளை வராது. ஏல நாளண்டு காசோடை போறதை நம்பாதேங்கோ. ஏலத்துக்கு முதல் நாளுக்குள்ளை கட்டுங்கோ.