ஒரு செல்லாக (உயிரணுவாக) இருந்து சின்னச் செல்களைத் தின்று வளரும் இணைய ஆட்டமான அகார்.ஐஓ ஆடியவர்களே, இன்னும் மறக்காத செல் எது?

கோட்டையூரான்:
2015 கடைசி. காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். லீடர்போர்டில் மூன்றாவது இடத்தில் இருக்கிறேன். ஒரு குட்டிச் செல் வந்து டபிள்யூ விசையைத் தட்டித் தட்டித் தன் உடம்பைப் பிய்த்து எனக்கு ஊட்டியது. பேர் 'அம்மான்', தமிழ் எழுத்தில். வேறு எவனாவது என்றால் நம்பியிருக்க மாட்டேன், அம்மான் என்றால் நம்ம பக்கத்து ஆள்தானே. கூடவே போனேன். பெரிய செல் மோதினால் அதைச் சிதறடிக்கும் பச்சை முள் வைரஸ் ஒன்றுக்குப் பின்னால் நின்று அதற்கும் ஊட்ட ஆரம்பித்தான். ஏழாவது உருண்டை விழுந்ததும் இன்னொரு வைரஸ் கிளம்பி நேராக என் மேல் பாய்ந்தது. பொலபொலவென்று சிதறிவிட்டேன். எங்கிருந்தோ வந்த ஒரு பெரிய செல் எல்லாத் துண்டையும் வழித்துத் தின்றது. அம்மான் ஒன்றைக்கூடத் தொடவில்லை, சும்மா நின்றான். அந்த நேரம் சென்டருக்குள் யாரோ சிரித்தார்கள். திரும்பினால் எல்லோருக்கும் திரையில்தான் கண்.

முள்ளுக்குப் பின்னாடி:
இதில் துரோகம் என்ன இருக்கிறது? கூட்டணி போட்டுத் தின்பதுதான் அந்த ஆட்டமே. என்னையும் ஒருவன் மூலையில் தள்ளித் தின்றான், அவ்வளவுதான். இனிமேல் ஆடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவரைத் தின்ன அவரைவிடக் கால் பங்காவது பெரிதாக இருக்க வேண்டும். ஸ்பேஸ் விசையைத் தட்டி இரண்டாகப் பிரிந்து பாய்ந்து தின்பதென்றால் இரண்டரை மடங்குக்கு மேல் வேண்டும், ஏனென்றால் பாயும்போது நீங்கள் பாதியாகிவிடுவீர்கள். பிரிந்தபின் ஒட்ட அரை நிமிடமாவது ஆகும், பெரிய ஆள் பக்கத்தில் இருந்தால் ஸ்பேஸ் பக்கமே போகாதீர்கள். சின்னதாக இருக்கும்போது வைரஸுக்குள் ஒளியலாம், பெரியவன் வந்தால் அவன்தான் வெடிப்பான். ஏற்கெனவே பதினாறு துண்டாக இருந்தால் வைரஸைத் தின்றாலும் வெடிக்காது, இது பலருக்குத் தெரியாது. ரொம்பப் பெருத்தால் வேகமும் போகும், எடையும் தானாகக் கரையும். ஓரத்துச் சுவர் பக்கம் நிற்கவே கூடாது.

தேவகோட்டை ரஸ்தா:
யார் கேட்டார்கள் இந்தப் பாடத்தை?
பொங்கல் லீவில் வளவுத் தூணில் சாய்ந்து போனில் ஆடிக்கொண்டிருந்தேன். அப்பத்தா எட்டிப் பார்த்து, "அந்தச் சின்னது பாவம், வேற பக்கம் போயேன்டா" என்றார்கள். விடவில்லை, தின்றேன். "அதுக்கும் ஒரு வீடு இருக்கும்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அதற்கப்புறம் அப்பத்தா இருக்கும் இடத்தில் ஆடவே தோன்றவில்லை.

கோட்டையூரான்:
அப்பத்தா சொன்னது சரிதான். @முள்ளு, சுவர் பக்கம் நான் நிற்கவே இல்லை. பதிவைப் படியுங்கள்.

பெட்ரி தட்டு:
ஆட்டம் சரி, ஆனால் இதைப் பார்த்துவிட்டுக் கிருமிகள் இப்படித்தான் அடித்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். விழுங்குவது அமீபா மாதிரி சிலதுதான். பாக்டீரியாவுக்கு வாய் ஏது? அது அமிலத்தையும் நஞ்சையும் கக்கிப் பக்கத்து ஆளை வளரவிடாமல் செய்யும். இட்லி மாவு புளித்தபின் மற்ற கிருமிகள் அதில் தலைகாட்டத் திணறுவதும் அப்படித்தான்.
படிக்கும்போது, கிருமி வளர்க்கும் என் அகார் தட்டு ஒன்றில் எங்கிருந்தோ பூஞ்சை விழுந்துவிட்டது. அதைச் சுற்றி வெற்று வளையம், ஒரு பாக்டீரியா கிடையாது. பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1928-இல் பார்த்த மாதிரியே! மேடமிடம் ஓடினேன். "கன்டாமினேஷன். ஆட்டோகிளேவில் போடு" என்றார்கள், அதாவது வேண்டாத கிருமி விழுந்த தட்டு, நீராவியில் வைத்துக் கொன்றுவிடு என்று. ஒரு போட்டோகூட எடுக்கவிடவில்லை.

முள்ளுக்குப் பின்னாடி:
அப்போ வைரஸ்? நிஜத்திலும் உள்ளே புகுந்து செல்லை வெடிக்க வைக்கத்தானே செய்கிறது?

பெட்ரி தட்டு:
சில வைரஸ் வெடிக்க வைக்கும். ஆனால் நிஜத்தில் வைரஸ் செல்லைவிட ரொம்பப் பொடிசு, உங்கள் ஆட்டத்தில் அதற்குள் செல் போய் ஒளிகிறது! இதையெல்லாம் இந்த ஆட்டத்தை உருவாக்கிய பிரேசில்காரர் வலாடாரெஸிடம்தான் கேட்க வேண்டும்.

தேவகோட்டை ரஸ்தா:
டீம் மோடில் கூட இருப்பவனே நம்மை வைரஸில் தள்ளிய கதை யாரிடமாவது இருக்கிறதா? அதைச் சொல்லுங்கள், பாடம் போதும்.