பழைய லாரி இன்ஜினுக்குச் சிந்தெடிக் ஆயில்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

செம்மண்டலம் ஷெட், கடலூர்

எங்கள் லாரி 2003 மாடல், ஆறு சிலிண்டர், டர்போ (புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் கருவி) இல்லாதது. இருபது ஆண்டுகளாக அதற்கு 15டபிள்யூ40 சாதா ஆயில்தான் (டபிள்யூவோடு வரும் எண் குளிரில் ஆயிலின் தடிமனையும், பின்னால் வரும் எண் சூட்டில் அதன் தடிமனையும் குறிக்கும்). போன ஆவணியில் ஆயில் மாற்றும் முறை வந்தபோது, அப்பா ஊரில் இல்லாத நேரத்தில் 5டபிள்யூ40 முழுச் சிந்தெடிக்கை, அதாவது செயற்கை முறையில் தயாரித்த ஆயிலை, ஊற்றியவன் நான். என் காருக்கு அதைத்தான் ஊற்றுகிறேன், அதன் பலனை அறிந்தவன். விலை இரண்டு மடங்கைத் தாண்டியபோதும், வயதான இன்ஜினுக்கு நல்லதைக் கொடுக்கிறோம் என்ற நினைப்பில்தான் செய்தேன்.

முதல் வாரம் குறை ஒன்றும் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் பிரஷர் முள் முன்பைவிடச் சீக்கிரம் எழுந்தது. டேப்பெட் (வால்வு தட்டும்) சத்தமும் அடங்கியிருந்தது. பத்தாம் நாள் காலை, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்குக்கு நேர்கீழே சிமெண்ட் தரையில் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு கறை. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டிக்கு அடியில் குனிந்து, தொங்கிக்கொண்டிருந்த துளியை விரல் நுனியில் ஏந்தி, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு பழைய தினத்தாள் ஒன்றை அங்கே விரித்து, மூலைகளில் கல் வைத்துவிட்டு வண்டியை எடுக்காமலேயே உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை நான் அந்தத் தாளைத் தூக்கியபோது, நடுப்பகுதி ஆயிலில் ஊறித் தரையோடு ஒட்டிக்கொள்ள, ஓரங்கள் மட்டும் என் கையில் கிழிந்து வந்தன.

அதுவரை அந்த இடத்தில் ஒரு சொட்டும் விழாத வண்டி அது. ஆயில் மாற்றியதால் சீல் (கிராங்கைச் சுற்றி ஆயில் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போனதா, போகவிருந்த சீல் அந்த நேரம் பார்த்துப் போனதா என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

விசைப்படகு, முதுநகர்

எங்களுடையது படகு, ஆனால் உள்ளே ஓடுவது லாரி இன்ஜின்தான். இந்தத் துறைமுகத்துப் படகுகள் பலவற்றில், லாரிக்கென்று செய்த ஆறு சிலிண்டர் இன்ஜினை ரேடியேட்டர் இல்லாமல் கடல்நீரால் குளிரும்படி மாற்றிப் பொருத்தியிருப்பது இங்குள்ளவர்களுக்குத் தெரிந்ததே. மீன்பிடித் தடைக்காலத்தில் இன்ஜினை இறக்கி வேலை பார்த்துவிட்டு, ஜூன் 15ஆம் தேதி கடலுக்குப் போகும் முன், இந்த முறை சிந்தெடிக் ஊற்றலாம் என்று மைத்துனர் சொன்னதற்கு ஒப்புக்கொண்டேன். மூன்றாம் நாள், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், அவர் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவி என்னிடம் நீட்டினார். நுனியிலிருந்து ஒரு விரற்கடை உயரத்துக்குப் பால் விட்ட காப்பி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தது. ஆயில் கூலர் குழாயில் ஊசி முனை அளவுத் துளை. அதன் வழியாகக் கடல்நீர் ஆயிலோடு கலந்துவிட்டது. இன்ஜினை நிறுத்திவிட்டு, இன்னொரு படகு வந்து கட்டி இழுக்கும்வரை அலையில் கிடந்தோம்.

கரைக்கு வந்து பதினெட்டு லிட்டரையும் கேனில் பிடித்துக் கழிவு ஆயில் எடுப்பவரிடம் கொடுத்தோம். மூன்று நாள் ஓடிய ஆயில் அது. சாதா ஆயிலாக இருந்தாலும் அதே கதிதான் என்பது எனக்குத் தெரியும், ஆனால் இழப்பு பாதிகூட இருந்திருக்காது. செம்மண்டலம் தம்பி, கசிவுக்கு வாய்ப்புள்ள பழைய இன்ஜினில் விலை கூடிய ஆயிலை ஊற்றுவது தேவையில்லாத செலவு என்பதுதான் என் எண்ணம்.

பட்டறை, மேட்டுப்பாளையம், புதுச்சேரி

லாரி முனையத்துக்குப் பக்கத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். செம்மண்டலம் தம்பி, உங்கள் வண்டியின் சீலை நீங்கள் கெடுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு.

நான்கு ஆண்டுகளுக்கு முன் வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு செங்கல் லோடு வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். சிந்தெடிக் ஊற்றி ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரில் பிரஷர் விழுந்து, இன்ஜின் தட்டத் தொடங்கியிருந்தது. இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பை இறக்கிப் பார்த்தபோது ஆயில் உறிஞ்சும் சல்லடையையே காணவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஓர் உருண்டை இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். தார் போல இழுத்துக்கொண்டு வந்தது, அதற்கு அடியில்தான் கம்பி வலை. கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்குகள் செம்பு தெரியத் தேய்ந்திருந்தன. ஆயில்தான் இன்ஜினைக் கொன்றது என்று வண்டிக்காரர் என் முன்னால் அழுதார். அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகள், பீப்பாயிலிருந்து அளந்து விற்கும் லூஸ் ஆயிலை ஊற்றி வந்ததை அவரே பிறகு சொன்னார். அந்த எட்டு ஆண்டு அழுக்கை ஒரே நாளில் கிளப்பிவிட்டதுதான் நடந்தது. முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் தடுத்திருக்கலாம் என்பது இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அதனால் நீங்கள் கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சிந்தெடிக் இன்ஜினைக் கழுவிவிடும் என்பார்கள். கழுவும் வேலையைச் செய்வது ஆயிலில் கலந்துள்ள கால்சியம், மெக்னீசியம் சார்ந்த சேர்மானங்கள்; அவை தரமான சாதா ஆயிலிலும் இருக்கின்றன. சேர்மானம் குறைந்த ஆயிலிலிருந்து நிறைந்த ஆயிலுக்குத் திடீரென்று தாவும்போதுதான் அழுக்கு கிளம்பி ஃபில்டரை அடைக்கிறது. ஃபில்டர் அடைத்தால் அதன் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலாவது பேரிங்குக்குப் போகும். சல்லடை அடைத்தால் அந்த வழியும் இல்லை.

சீல் விஷயம் வேறு. 1970களில் வந்த சிந்தெடிக் ஆயில்களின் அடிப்படை எண்ணெய், ரப்பரைச் சற்றே சுருங்கச் செய்யும் குணம் உடையது. அந்தக் கெட்ட பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் ரப்பர் சுருங்காமல் இருக்க எஸ்டர் என்ற வேதிப்பொருளைச் சேர்க்கும் வழக்கம் வந்து வெகு காலமாகிறது. தம்பியின் வண்டியில் இருபது ஆண்டுச் சூட்டில் சீலின் உதடு ஏற்கெனவே விறைத்திருக்கும். 100 பாகை செல்சியஸ் சூட்டில் 15டபிள்யூ40, 5டபிள்யூ40 இரண்டும் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் தடிமனை அளக்கும் அலகு) என்ற ஒரே வரம்புக்குள்தான் இருக்க வேண்டும், அதாவது ஓடும்போது இரண்டும் ஒன்றுதான். வண்டி நின்று ஆறும்போது கதை மாறுகிறது: 40 பாகையில் சாதா 15டபிள்யூ40 பொதுவாக நூறு சென்டிஸ்டோக்ஸைத் தாண்டி நிற்கும், 5டபிள்யூ40 நூறுக்குள் இருக்கும். விறைத்த உதட்டின் இடுக்கில் தடித்த ஆயில் தங்கி நின்றது, மெல்லியது வழிந்துவிட்டது. இரவில் நிறுத்தி வைத்த வண்டியின் அடியில் காலையில் கறை தெரிந்ததற்கு அதுவே காரணமாக இருக்கும்.

இன்னொன்று. 5டபிள்யூ என்பதன் பயன் குளிரில்தான். 15டபிள்யூ ஆயிலின் ஸ்டார்ட்டிங் சோதனையே மைனஸ் 20 பாகையில்தான் நடக்கிறது, 5டபிள்யூவுக்கு மைனஸ் 30. மார்கழி விடியலிலும் இருபது பாகையை ஒட்டி நிற்கும் நம் கரையோரத்தில் அந்தக் குளிர்த் தாங்கும் திறனுக்கு என்ன வேலை? இனி பழைய டாடா லாரிகளின் இன்ஜினைப் பாருங்கள். டாடா 697 என்பதில் 6 சிலிண்டர் எண்ணிக்கை, 97 மில்லிமீட்டரில் சிலிண்டர் துளையின் (போர்) அளவு. 407 வண்டியில் வந்த 497க்கும் அதே கணக்கு. இவை 40 தடிமனை நம்பிப் பேரிங்குகளில் இடைவெளி வைத்துச் செய்த இன்ஜின்கள். கார்க் கடையில் கிடைக்கிறதென்று 30 தடிமன் ஆயிலை மட்டும் இவற்றுக்கு ஊற்றிவிடாதீர்கள்.

சிந்தெடிக்குக்கு மாறியே தீர வேண்டும் என்றால், முதலில் டீசல் இன்ஜினுக்கான சிஐ4 பிளஸ் தரத்துச் சாதா 15டபிள்யூ40 ஊற்றி மூவாயிரம் கிலோமீட்டரில் ஃபில்டரோடு மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரை ரம்பத்தால் அறுத்து, மடிப்பை விரித்துப் பாருங்கள். கறுப்பு மட்டும் இருந்தால் இன்னொரு சுற்று ஓட்டுங்கள். பளபளப்புத் தூள் இருந்தால் ஆயிலைப் பற்றி யோசிப்பதை விட்டுப் பேரிங்கைப் பாருங்கள். டீசலை ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டு வடிக்கும் வழக்கம் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. அழுக்கான இன்ஜினில் அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள், அந்தச் செங்கல் வண்டிக்கு ஆனதுதான் ஆகும்.

முதுநகர் அண்ணனிடம் ஒரு சொல். உங்கள் இழப்பு உண்மை, ஆனால் கூலரில் துளை விழுந்ததை வைத்து எல்லாப் பழைய இன்ஜினுக்கும் சிந்தெடிக் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. இன்ஜின் மூச்சுவிடும் பிரீதர் குழாயில் புகை தள்ளாமல், ஆயில் குடிக்காமல் ஓடும் பழைய இன்ஜின்கள் எத்தனையோ இருக்கின்றன.

கரும்பு லோடு, நெல்லிக்குப்பம்

பட்டறை ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரியே, ஆனால் குளிர் இல்லாத ஊரில் சிந்தெடிக்கால் பயன் குறைவு என்ற தொனியை என்னால் ஏற்க முடியவில்லை. சூட்டைப் பற்றி அவர் பேசவே இல்லை.

என் வண்டி பழையது, ஆனால் டர்போ உள்ளது. அரவைக் காலத்தில் வயலிலிருந்து முழு லோடோடு ஏறி வந்து, ஆலை வாசல் வரிசையின் வாலில் நின்றதும் இன்ஜினை அணைத்துவிடுவோம். டர்போ அப்போதுதான் கொதித்துக்கொண்டிருக்கும், அதற்குப் போகும் ஆயிலோ நின்றுவிடும். பிறகு இரவு முழுவதும் முன் வண்டி நகர நகர ஸ்டார்ட் செய்து ஒரு வண்டி நீளம் போய் அணைப்பதுதான். சாதா ஆயில் ஓடிய காலத்தில் இரண்டு டர்போ போயின. இரண்டாவதைக் கழற்றியபோது மெக்கானிக் ஆயில் வரும் குழாயை வெயிலுக்கு நேராகப் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். சுண்டுவிரல் நுழையும் அந்தக் குழாயில், உள்சுவர் முழுக்க அடுப்புக்கரி போல் படிந்து, நடுவில் குண்டூசித் தலை அளவுக்குத்தான் வெளிச்சம் தெரிந்தது.

அதன் பிறகு சிந்தெடிக் 15டபிள்யூ40க்கு மாறினேன். அப்படியும் கிடைக்கிறது, சிந்தெடிக் என்றால் 5டபிள்யூதான் என்று இல்லை. நான்கு அரவை முடிந்து சென்ற கோடையில் அதே குழாயைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே கறுத்திருந்தது, ஆனால் துணியைச் சுருட்டி இழுத்ததும் துடைத்துக்கொண்டு வந்தது. அணைக்கும் முன் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விடும் பழக்கமும் அப்போதுதான் வந்தது, ஆகவே பெருமை முழுவதையும் ஆயிலுக்குக் கொடுக்கமாட்டேன். என் வண்டியில் ஒழுகல் எதுவும் வரவில்லை.

சாம்பல் லோடு, வடலூர்

நெய்வேலிச் சாம்பலைச் செங்கல் சூளைகளுக்கு ஏற்றுகிறேன். சிந்தெடிக் ஊற்றினால் இரண்டு மடங்கு தூரம் ஓடும் என்று கேள்விப்பட்டு, ஒன்பதாயிரத்தில் மாற்ற வேண்டியதைப் பதினெட்டாயிரம் வரை இழுத்தேன். பதினாறாயிரத்தில் ஒரு நாள் டிப் ஸ்டிக்கில் இருந்ததை இரண்டு விரலுக்கு இடையில் தேய்த்தபோது நறநறவென்று இருந்தது. ஏர் ஃபில்டர் ஹோஸ் கிளாம்ப் தளர்ந்து, சாம்பல் நேராக உள்ளே போயிருக்கிறது. நான்கு லைனர், ரிங் செட், ஒரு மாத வருமானம். ஆயில் எவ்வளவு உயர்ந்ததானாலும் தூசியை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? அந்த நறநறப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது. மாற்றும் தூரத்தை நீட்டுவதற்காக மட்டும் சிந்தெடிக் வாங்குகிறவர்கள் இந்தப் பக்கத்துச் சாலைகளை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

செம்மண்டலம் ஷெட், கடலூர்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பட்டறை ஐயா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கியர்பாக்ஸை இறக்கலாம் என்று அவரே சொன்னார்.

நேற்று கிளட்ச்சையும் ஃப்ளைவீலையும் கழற்றி, பின்பக்கச் சீலை எடுத்தோம். வளைத்துப் பார்த்தபோது காய்ந்த பனையோலை போல உதடு படபடவென்று வெடித்தது. கிராங்கில் அந்த உதடு உட்கார்ந்திருந்த இடத்தில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அது பத்து நாளில் விழுகிற பள்ளம் இல்லை. புதுச் சீலை அதே பள்ளத்தில் உட்காரவிடாமல், இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தினார் மெக்கானிக். வடித்து வைத்த சிந்தெடிக்கைத் திரும்ப ஊற்றவில்லை. சிஐ4 பிளஸ் சாதா ஆயில் ஊற்றி, மூவாயிரத்தில் ஃபில்டரை அறுத்துப் பார்ப்பதாக இருக்கிறோம்.

இரவு வண்டியை ஷெட்டில் விட்டதும், நான் சொல்லாமலேயே அப்பா புதுத் தாள் ஒன்றை விரித்துக் கல் வைத்தார். இன்று காலை அவர் அதை எடுத்து, இரு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மடித்து டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு பண்ருட்டி லோடுக்குக் கிளம்பிவிட்டார்.