ஆர்.ஆர். யூனிட்டுக்குச் சொல்: 'சீராக்கி' போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம். பைக்கில் இன்ஜின் ஓடும்போது காயிலில் பிறக்கும் ஏசியை (மாறுதிசை மின்னோட்டத்தை) பேட்டரிக்கு ஏற்றபடி நேர்திசையாக்குவது ரெக்டிஃபையர்; வோல்ட் அளவு மீறாமல் பார்ப்பது ரெகுலேட்டர். இரண்டும் சேர்ந்த ஆர்.ஆர். யூனிட்டுக்குத் தமிழ்ச் சொல் தேடுகையில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ரெக்டிஃபையரும் ரெகுலேட்டரும் பைக்கில் ஒரே பெட்டியாகத்தான் வருகின்றன. இரண்டுக்கும் சேர்த்து 'சீராக்கி' என்று வைத்துவிட்டால் என்ன?

வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு வேலைகளையும் ஒரே சொல்லில் அடைத்தால், எது கெட்டது என்று சொல்ல முடியாமல் போகும். எது கெட்டது என்று தெரியாமல் பணம் இழந்தவன் நான்.

போன மழைக்காலத்தில் வேளச்சேரியில் என் வண்டி செல்ஃப் எடுக்காமல் நின்றது. 'பேட்டரி இறங்கிடுச்சு' என்றார்கள். புதிதாகப் போட்டேன். மூன்றே வாரத்தில் அதுவும் இறங்கியது. இன்னொன்று வாங்கினேன். அப்புறம்தான் புதுப்பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். 'பேட்டரி மேல பழி போடாதீங்க சார், சார்ஜே ஏறல' என்று சொல்லி மல்டிமீட்டரை எடுத்தார்.

இன்ஜினை முறுக்கியபோது பேட்டரி முனைகளில் 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வந்தது 12.2. அடுத்து, காயிலிலிருந்து வரும் வயர்களை ஆர்.ஆர். பெட்டியோடு இணைக்கும் கப்ளரைக் கழற்றினார். உள்ளே மூன்று மஞ்சள் வயர்கள். மீட்டரை ஏசிக்கு மாற்றி, இரண்டிரண்டாக மூன்று விதமாகவும் வைத்துப் பார்த்தார். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு, 60 வோல்ட் பக்கம். இன்ஜினை நிறுத்திவிட்டு மஞ்சள் வயருக்கும் பாடிக்கும் நடுவே பார்த்தார்; தொடர்பே இல்லை, எர்த் ஆகவில்லை. ஆக, காயில் நல்ல காயில்; பழுது அதற்கு அடுத்துத்தான். கப்ளரை என் கையில் கொடுத்தார். வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு மூலை மட்டும் டீ டிக்காஷன் நிறத்தில் கருகி, அந்த முனை உருகி ஒட்டியிருந்தது. அந்தக் கப்ளரை வெட்டிப் புதிதாகப் போட்டு, ஆர்.ஆர். பெட்டியையும் மாற்றியதும் 14.2 காட்டியது.

இப்போது சொல்லுக்கு வருவோம். காயிலுக்கும் அதோடு சேர்ந்து சுழலும் மேக்னட்டுக்கும் பாடநூலில் முறையே நிலையி, சுழலி என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசையாக்கும் பகுதிக்குத் 'திருத்தி'யும் ப்ளஸ் டூ படித்த எல்லோருக்கும் பழக்கம். 'மின்னோட்டம் என்ன தப்பு செய்தது, திருத்துவதற்கு?' என்று ஒருவர் கேட்டிருந்தார். நிலம் திருத்துகிறோம், முடி திருத்துகிறோம். அங்கெல்லாம் தப்பு எங்கே இருக்கிறது? ஒழுங்குக்குக் கொண்டுவருவதும் திருத்துவதுதான். அது இருக்கட்டும்.

சிக்கல் ரெகுலேட்டரில்தான். மின்னழுத்தத்தைச் 'சீராக்குவது' என்றால் அது எப்படிச் செய்கிறது என்பது தெரிவதில்லை. பெரும்பாலான பைக்குகளில் சுழலி நிரந்தரக் காந்தம். இன்ஜின் வேகம் ஏற ஏற மின்சாரம் வந்துகொண்டேதான் இருக்கும், குறைக்க வழியில்லை. பேட்டரி 14.5 வரை தாங்கும். அதற்கு மேல் வருவதை இந்தப் பெட்டி நிலையிக்கே குறுக்கிணைத்து (ஷார்ட் செய்து) திருப்பிவிடுகிறது. பெட்டி சுடுவதும், அதற்கு அலுமினியச் செதில்கள் இருப்பதும் இதனால்தான்.

இந்த வேலைக்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: கலிங்கு. ஏரி நிறைந்ததும் மிகைநீர் தானாக வழிந்து போகும் இடம். செங்கல்பட்டுப் பக்கம் கலங்கல் என்பார்கள். கலங்கிய நீரோடு குழம்பும் என்பதால் நான் கலிங்கையே எடுக்கிறேன். செம்பரம்பாக்கம் ஏரிக்கு 24 அடி எப்படியோ, பேட்டரிக்கு 14.5 அப்படி.

பழுதுகளும் இந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. கலிங்கு அடைத்துக்கொண்டால் 15 வோல்ட்டைத் தாண்டும், பேட்டரி கொதிக்கும், பல்பு போகும். கலிங்கு உடைந்து திறந்தபடி கிடந்தால் சார்ஜ் ஏறாது. திருத்தி போனாலும் ஏறாது.

> எல்லா வண்டியிலும் மிகையை வழியவிடுவதில்லையே? சில புதிய வண்டிகளில் தேவையானதை மட்டும்தானே உள்ளே விடுகிறார்கள்?

சரியான கேள்வி. அங்கே கலிங்கு பொருந்தாது. தேவைக்குத் திறந்து, போதும் என்றால் மூடுவது மதகு. ஆகவே கலிங்கு வகை, மதகு வகை என்று இரண்டாகவே சொல்லலாம். மதகு வகையில் பெட்டியும் நிலையியும் குறைவாகச் சூடாகும்.

முழுப் பெட்டிக்கு 'மின்னொழுங்கி' என்பது என் முன்மொழிவு. 'மின்னழுத்தச் சீராக்கி-திருத்தி' என்ற நீளச் சொல்லை எந்தக் கடையிலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கூட்டத்துக்கு நடுவே ஒரே மூச்சில் சொல்ல வேண்டிய பெயர் இது.

அந்த மெக்கானிக்கிடமும் கேட்டேன். மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்துக்காரர். மின்னொழுங்கிக்கு முகத்தைச் சுளித்தார். கலிங்கு என்றதும், 'எங்க ஊர்ல கலங்கல். அடைச்சா கரை போயிடும், இங்க பேட்டரி போயிடும்' என்று அவரே பொருத்திக்கொண்டார்.

கப்ளருக்கு 'இணைப்பி' என்ற யோசனையும் வந்திருக்கிறது. எனக்குக் கப்ளரே போதும் என்று தோன்றுகிறது. மாற்றுக்கருத்து இருந்தால் எழுதுங்கள்.